எண்ணிப் போட்ட சோறு

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

வணக்கம். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்டால் அது வெறும் முறையாகத்தான் இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மண் பரிசோதனைக்கூடத்துக்கு இந்த வருடம் பணம் ஒதுக்கவில்லை. ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் பாதிச் சம்பளம். கேன்டீனையும் மூடிவிட்டார்கள். இருபது வருடமாக மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டவள் நான். அதன் பிறகு மலிவாகக் கிடைத்ததைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு வயிறு புண்ணாகிவிட்டது. "இனிமே வீட்டுச் சாப்பாடுதான்" என்றார் டாக்டர். யார் வீட்டு என்று கேட்க நினைத்தேன்.

போன வாரம் அண்ணன் என் அறைக்கு வந்திருந்தார். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, சமைக்கத்தான் ஆளைக் காணோம். உங்க அண்ணிகிட்டக் கேளு. ஒரு முட்டைக்கோஸை மூணு நாள் ஓட்டுவா" என்றார். போன் நம்பர் கேட்டேன். அப்போதுதான், "போன் வேண்டாம். அவளுக்குக் காது போயிடுச்சு. நீ ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு சொல்லுவா. எழுது" என்றார். எனக்கு இது தெரியாது. வருத்தமாக இருக்கிறது.

என்னிடம் ஒரு அடுப்பு, மூடியோடு ஒரு பாத்திரம், ஒரு வாணலி, ஒரு கத்தி இருக்கின்றன. குறைந்த செலவில், வயிற்றுக்குக் கெடுதல் இல்லாமல், தெரியாதவள் செய்யக்கூடியதாக ஏதாவது எழுத முடியுமா? அன்று நான் சொன்ன சொல்லைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்கு வேறு தாள் வேண்டும். உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 11

விஞ்ஞானிக்கு,

உங்க அண்ணன் உனக்கு வச்ச பேரு. அப்படியே கூப்பிடறேன். பேசற மாதிரியே எழுதறேன், திட்டாதே. காது போனப்புறம் என் பேச்செல்லாம் பேப்பர்லதான் நடக்குது. யூனிஃபார்ம் தைக்கக் குடுக்க வர்றவங்க அளவைச் சீட்டுல எழுதித் தர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை "இடுப்பு இருபத்தாறு"ன்னு சொன்னது எனக்கு முப்பத்தாறுன்னு கேட்டு, ஒரு பாவாடைக்குள்ள ரெண்டு பொண்ணு நிக்கற மாதிரி தச்சு வச்சிருக்கேன்.

"விருப்பம் இல்லாவிட்டால் புரிந்துகொள்வேன்"னு எழுதியிருக்கே. எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காதே. ஆனா வயிறு புண்ணா இருக்கறவகிட்ட சண்டை பிடிக்க நான் என்ன பேயா? கோபத்தை மூடி வச்சிருக்கேன். அது கெட்டுப்போகாது. முதல்ல நீ சாப்பிடு.

ரெண்டு கைப்பிடி பருப்பைக் கழுவி, காலையில வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணியில போட்டுட்டுப் போ. சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள அதுவே பாதி வேலையை முடிச்சிருக்கும், கேஸ் மிச்சம். மூடி போட்டு வேக வை. தொட்டா மசியணும். அப்புறம் ஒரு வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி அதுல கொட்டு. தக்காளி பளபளன்னு இருக்கணும்னு தேடாதே. சந்தை மூடற நேரத்துக்குப் போய் அடிபட்டதைக் கேளு, பாதி விலைக்குத் தருவாங்க. வாணலிக்குள்ள போனப்புறம் எது அழகா இருந்துச்சுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. காரம் வேண்டாம், உன் வயிறு தாங்காது. உப்பைக் கடைசியில, கொஞ்சம் கொஞ்சமாப் போடு. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இது உப்புக்கு மட்டும் சொல்லல.

சோறு ரெண்டு வேளைக்கு வடிச்சுக்கோ. மிச்சத்துல மறுநாள் ஒரு முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறிக்கோ.

உங்க அண்ணன் பின்னாடி நின்னு "நல்லாருக்கியான்னு கேளுடி"ன்னு எழுதிக் காட்டறார். கேட்டாச்சு.

அண்ணி

பிப்ரவரி 19

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மிகவும் நன்றி. கோபத்தை மூடி வைத்ததற்கும் சேர்த்து.

நான் எதையும் அப்படியே நம்புகிறவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஊறவைத்தும், ஒரு நாள் ஊறவைக்காமலும், மூடி போட்டும், போடாமலும் நேரம் பார்த்தேன். ஊறி, மூடியோடு வெந்தது பாதி நேரத்துக்கும் குறைவு. நீங்கள் சொன்னது சரி.

சரியாக வராதது என் பருப்பு. அடியில் கொஞ்சம் கிடந்தது, மேலே குளம் நின்றது. பிழை எங்கே என்று தேடியதில் "ரெண்டு கைப்பிடி" என்ற இடத்தில்தான் சந்தேகம் வந்தது. மறுநாள் பருப்பைப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போய், ஐந்து முறை அள்ளி அள்ளி எடை போட்டேன். சராசரி நாற்பத்தொரு கிராம். உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இது எந்த ஊர் மண்ணு?" என்று கேட்டார்.

கைப்பிடி என்றால் யாருடைய கை என்பது முக்கியம் என்று இப்போது புரிகிறது. ஒரு கோரிக்கை. உங்கள் கையை ஒரு தாளில் வைத்து, ஓரத்தைச் சுற்றி வரைந்து அனுப்ப முடியுமா? சிரிப்பீர்கள். பரவாயில்லை.

நேற்று வெங்காயம் வதக்கியபோது பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். இங்கே குடிவந்த பதினோரு வருடத்தில் என் அறையிலிருந்து ஒரு வாசனை வெளியே போனது இதுதான் முதல் முறை.

நாத்தனார்

பிப்ரவரி 27

விஞ்ஞானிக்கு,

சிரிச்சேன். தையல் மெஷின் மேல தலையை வச்சுச் சிரிச்சேன். உங்க அண்ணன் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தார்.

இதோ என் கை. உங்க அண்ணன்தான் வரைஞ்சார். பஸ் டிப்போவுல முப்பது வருஷம் நட்டு முடுக்கின கை, பென்சில் பிடிச்சா நடுங்குது. சுண்டுவிரல் கோணலா இருக்கறது அவர் வேலை, என் விரல் நேராத்தான் இருக்கு. "கையைக் காட்டி ஜோசியம் பாப்பாங்க, பருப்பு பாக்கறதை இப்பத்தான் பாக்கறேன்"னு எழுதிக் காட்டினார்.

இப்ப முட்டைக்கோஸ். நான் துணி வெட்டற மாதிரிதான் அதையும் வெட்டுவேன். எந்தத் துண்டு எதுக்குன்னு முதல்லயே பாத்துடணும். மேல் இலை விறைப்பா இருக்கும், அதை மெல்லிசா நறுக்கி வெங்காயத்தோட வதக்கினா முதல் நாளுக்கு ஆச்சு. நடுவுல இருக்கறது இனிப்பா இருக்கும், ரெண்டு உருளைக்கிழங்கோட ரெண்டாவது நாள். தண்டைத் தூக்கி எறிஞ்சுடுவே, எனக்குத் தெரியும். எறியாதே. தோலைச் சீவிட்டுப் பொடியா நறுக்கிப் பருப்போட வேக விடு, மூணாவது நாள். கிழங்கு வேகற தண்ணிக்கு மேல தட்டுல காயை வச்சா ரெண்டும் ஒரே அடுப்புல வெந்துடும்.

காய்ஞ்ச ரொட்டி இருந்தா பருப்புத் தண்ணியில ஊறப்போட்டுச் சாப்பிடு. வயித்துக்கு அது பஞ்சு மாதிரி.

வயிறு எப்படி இருக்குன்னு எழுது. கிராம்ல வேண்டாம்.

அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வயிறு நன்றாக இருக்கிறது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். "என்ன சாப்பிடறீங்க?" என்றார். உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். "அந்தம்மாவை இங்க உக்காரச் சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

உங்கள் கை வரைபடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். உங்கள் கை என் கையைவிட ஒரு விரற்கடை பெரியது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடம் உங்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். அந்தக் கை எனக்குப் பரிமாறியதை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருப்பேன். என் நினைவில் அது சின்னதாக இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு கைப்பிடியோடு இன்னொரு அரைப் பிடி சேர்க்கிறேன். பருப்பு பருப்பாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. பாதிச் சம்பளத்தில் மதியச் சாப்பாடு எல்லோருக்குமே பிரச்சினையாக இருந்தது. உதவியாளர் டீயோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் என் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினேன். இப்போது நாங்கள் நான்கு பேர்: உதவியாளர், ஜீப் டிரைவர், கணக்கெழுதும் பெண், நான். முறை வைத்து ஆளுக்கொரு நாள் எல்லோருக்கும் சமைத்து வருகிறோம். மற்ற மூவரும் என் சுவரில் இருக்கும் கடிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். டிரைவர் மட்டும், "மறுபடியும் முட்டைக்கோஸா? நாங்க என்ன முயலா மேடம்?" என்றார். பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். தண்டு என்று சொன்னபோது நம்பவில்லை.

நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நன்றி அண்ணி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை

இந்த வாக்கியத்தை முடிக்க இன்று என்னால் முடியவில்லை. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விடுகிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 22

விஞ்ஞானிக்கு,

முடிக்காத வாக்கியத்தை நானே முடிச்சுடறேன்.

போன வாரம் காது டாக்டர்கிட்டப் போனோம். ஒரு பெட்டிக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு சைகை காட்டினார். நான் தையல்காரி, சும்மா உக்காந்தா கை அரிக்கும், கேக்காமயே நாலு தடவை அமுக்கிட்டேன். கடைசியில அவர் எழுதிக் காட்டினார்: "இது இன்று வந்ததில்லை. பத்து வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை."

பத்து வருஷம்னதும் எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைதான் ஞாபகம் வந்துச்சு. நீ உன் ஆபீஸ் தோழியைச் சாப்பிடக் கூட்டிட்டு வந்திருந்தே. நான் சமையல்கட்டுல இருந்தேன். கூடத்துல நீ அவகிட்ட, "இந்த வீட்ல எண்ணித்தான் போடுவாங்க"ன்னு சொன்ன மாதிரி எனக்குக் கேட்டுச்சு. அவ சிரிச்சா. நான் பாத்திரத்தோட தூக்கிட்டு வந்து உன் முன்னாடி வச்சு, "எண்ணாம எடுத்துக்கோ"ன்னுட்டு உள்ள போயிட்டேன். நீ கையைக் கழுவிட்டு எழுந்து போனே. அப்புறம் வரவே இல்ல.

இப்ப யோசிச்சுப் பாக்கறேன். நீ "இந்த வீட்ல அண்ணிதான் போடுவாங்க"ன்னு சொல்லியிருப்பே. நாமளா எடுத்துக்கக் கூடாது, அண்ணிதான் பரிமாறுவாங்கன்னு அந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லியிருப்பே. எண்ணித்தான், அண்ணிதான். என்ன பெரிய வித்தியாசம்? முப்பத்தாறு இடுப்பு தச்ச காது இது.

அப்படித்தான் இருக்கும். நீ ஆமான்னு ஒரு வரி எழுதிடு. ஒன்பது வருஷத்தையும் காது மேல போட்டுட்டு வேலையைப் பாப்போம். மே மாசக் கடைசியில வந்து ஒரு வாரம் இரு. பசங்க ரெண்டு பேரும் வேலைக்குன்னு வெளியூர் போயிட்டாங்க, வீடு காலியாத்தான் கிடக்கு.

அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

"ஆமாம் அண்ணி" என்று ஒரு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன். இரண்டு நாள் மேசையில் இருந்தது. மூன்றாம் நாள் பிரித்துவிட்டேன்.

உங்கள் காது அன்று சரியாகத்தான் கேட்டது. நான் சொன்னது "எண்ணித்தான்".

நீங்கள் சமையலறையில் இருப்பது எனக்குத் தெரியும். கேட்டால் கேட்கட்டும் என்றும் இருந்தேன். தோழி வசதியான வீட்டுப் பெண். நம் கூடத்தின் பழைய நாற்காலிகளை அவள் பார்த்த விதம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட நினைத்தேன். உங்களை வைத்துச் சிரித்தேன். அண்ணன் ஒருவர் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட்ட வீடு அது. அதில் ஒரு தட்டு என்னுடையது. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், நான் சொன்ன நன்றி அதுதான்.

நான்கு பேருக்குச் சமைக்க ஆரம்பித்த பிறகு நானும் எண்ணுகிறேன், அண்ணி. எண்ணாமல் போட்டால் கடைசியில் உட்காரும் கணக்குப் பெண்ணுக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. எண்ணுவது கஞ்சத்தனம் அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

இந்த இரண்டு மாதம் எனக்குச் சோறு போட்டவை உங்கள் கடிதங்கள். நீங்கள் காட்டிய வழியில் போனால் இவை தொடர்ந்து வரும். இதை எழுதினால் ஒருவேளை நின்றுபோகும். கடிதம் இல்லாமலும் எனக்குச் சமைக்க வரும். ஆனால் நின்றுபோகக் கூடாது என்று மிகவும் விரும்புகிறேன். இருந்தாலும், ஏற்கனவே இவ்வளவு இழந்த காதின் மேல் என் பழியையும் போட மனம் வரவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் கேட்டு இதை எழுதவில்லை. அண்ணன் போன் செய்தார். "உங்க அண்ணி மூணு வாரமாத் தைக்கறா, தைக்கறா, தைச்சுட்டே இருக்கா. தலையணை உறைக்கெல்லாம் பட்டன் வச்சாச்சு. அப்படி என்னதான் எழுதித் தொலைச்சே?" என்றார். உண்மையை எழுதினேன் என்றேன். "படிச்சவளுக்கு இது தேவையா?" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் நான்கு பேரும் தினமும் சாப்பிடுகிறோம். எங்கள் பாதிச் சம்பளம் ஜூன் வரை என்கிறார்கள். டிரைவரின் மனைவி தண்டுப் பருப்பைத் தன் வீட்டிலும் செய்கிறாராம். நீங்கள் பார்த்திராத இத்தனை பேர் உங்கள் சொல்படி அடுப்பை மூட்டுகிறார்கள் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் எழுதாவிட்டாலும் அது நிற்காது. நானும் மறக்க மாட்டேன்.

நாத்தனார்

மே 3

விஞ்ஞானிக்கு,

முதல் வாரம் கோபம். மூடி வச்சதைத் திறந்து பாத்தேன், சூடாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம், பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, ஆர்டர் நிறைய இருக்குன்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டேன். அதுக்கப்புறம் பயம். நீ உன்னோடதைச் சொல்லிட்டே. இனிமே என் முறைதானே.

எனக்கு அன்னிக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. டாக்டர் பத்து வருஷம்னு சொன்னது இடது காதை. வலது காது அப்ப கணீர்னு கேக்கும். எண்ணித்தான்னு தெளிவா விழுந்துச்சு. தெரிஞ்சேதான் உனக்கு அந்த வழியை விட்டேன். நீ ஆமான்னு எழுதியிருந்தா நம்பறதுக்குத் தயாரா இருந்தேன். ஏன்னா நானும் தப்பிச்சிருப்பேன்.

எதுலேருந்துன்னு கேப்பே. எழுதறேன்.

ஏழு பேருக்கு எண்ணித்தான் ஆகணும், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எண்ணிட்டு ஒண்ணு குறைஞ்சா யார் தட்டுல குறைக்கறது? மாமா தட்டுல குறைச்சா, "மத்தது எங்கம்மா?"ம்பார். அத்தை முகத்தைத் தூக்கி வச்சுப்பாங்க. பசங்க அழுவாங்க. உங்க அண்ணன் எல்லார் முன்னாடியும், "என்னடி இது, சாம்பிளா?"ன்னு கேப்பார். நீ மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டே. போட்டதைத் தின்னுட்டு, புஸ்தகத்தை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவே.

அதனால உன் தட்டுலதான் குறைச்சேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எட்டு வருஷம். அவங்களுக்கு ஒரு முட்டைன்னா உனக்கு அரை. எனக்கும் அரைதான், அதனால தப்பில்லன்னு சொல்லிக்குவேன். ஆனா என் அரையை நான் முடிவு பண்ணினேன், உன் அரையையும் நானே முடிவு பண்ணினேன். கேக்காதவளுக்குக் குறைச்சுப் போடறது ரொம்ப சுலபம்.

உனக்குத் தெரியாதுன்னு இருந்தேன். அன்னிக்கு நீ அப்படிச் சொன்னதும், அடப்பாவி, இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு ஆயிடுச்சு. அதான் அவ்வளவு கோபம். நீ பொய்யாச் சொல்லியிருந்தா போடின்னு சிரிச்சிருப்பேன். இப்ப நீ ஒவ்வொரு லெட்டர்லயும் நன்றி நன்றின்னு எழுத எழுத, எனக்கு ஊசி நகத்துல ஏறின மாதிரி இருந்துச்சு.

மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கம் இல்ல. சமைச்சுப் போடத்தான் தெரியும். வா. வந்தா ஒண்ணே ஒண்ணு செய்யணும். பத்தலைன்னா பத்தலைன்னு வாயைத் திறந்து சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்குக் கேக்காது.

அண்ணி

மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. அன்று சொன்னது வெறும் கேலி. அதில் ஒரு உண்மை இருந்தது என்பதை உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பசி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் படிக்கும்போது தண்ணீர் குடித்துக்கொள்வேன். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாராவது ஒருவருக்குக் குறைய வேண்டும் என்றால் நான்தான் சரியான ஆள். நீங்கள் பாதி முட்டையைப் போட்டீர்கள். வேறு யாரும் என்னைப் படிக்க வைக்கத் தயாராக இல்லாத காலத்தில் அந்தப் பாதியைப் போட்டீர்கள். அப்பாகூட, "பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு?" என்றுதான் கேட்டார். "படிக்கட்டும் மாமா, ஒரு தட்டுதானே" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட எனக்கு விருப்பமில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன். ஊசி ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன். அண்ணனை நிலையத்துக்கு வரச் சொல்ல வேண்டாம், வழி தெரியும். ஒரு வாரம் இருப்பேன். அதில் மூன்று நாள் நான் சமைக்கிறேன்.

சத்தமாகக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாசலில் வந்து நின்றதும் வாய் அடைத்துவிடும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்: எனக்கு இரண்டு முட்டை வேண்டும், அண்ணி.

உங்கள் விஞ்ஞானி